எண்பது பேருக்கு இரண்டு ஹாம்

தொட்டியில் இரண்டுதான் கிடந்தன. தராசு மறுபடியும் எண்ணினாள். எண்ணுவதற்கு அதில் என்ன இருக்கிறது, ஒன்று, இரண்டு, அவ்வளவுதானே. ஆனாலும் மனசு கேட்கவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டு, மூன்றாவது ஏதாவது அடியில் கிடக்கிறதா என்று துழாவிப் பார்த்தாள். ஏழு கிலோ பன்றித் தொடை போய் ஒளிந்துகொள்ளுமா? முழங்கை வரைக்கும் உப்புத் தண்ணீரில் நனைந்ததுதான் மிச்சம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை மதியம் எண்பது பேர். பஸ் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டிய ஃபோர்மேன் ஓய்வு பெறுகிறார், பட்டறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விருந்து வைக்கிறார்கள். ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், நடுநாயகமாக ஹாம். அந்த ஹாம் இருக்கிறதே, அது லேசுப்பட்ட சாமான் இல்லை. கறிக்கடையில் இருபது நாள் உப்பில் ஊறி, புகையில் தொங்கி, முழுத் தொடையாக வந்து இறங்கும். ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் போட்டு உப்பை இறக்க வேண்டும். மறுநாள் காலை ஐந்து மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடிப்போய் வாங்கி வந்து ஒப்பேற்றுகிற சங்கதியே இல்லை. எண்பது பேருக்கு மூன்று தொடை. இரண்டு இல்லை, இரண்டரை இல்லை, மூன்று.

இதையெல்லாம் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வருகிறவள் தராசுதான். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது தபாலில் மட்டும் வரும். அண்ணனுடைய இந்தச் சமையல் கான்ட்ராக்ட் கூடத்தில் எல்லோருக்கும் அவள் தராசு, சின்னவர்களுக்குத் தராசக்கா. உருளைக்கிழங்குக் கூடையை ஒரு கையில் தூக்கிப் பார்த்து, "பதினொண்ணே கால்" என்பாள். நம்பாதவன் தராசில் வைத்துப் பார்த்தால் முள் பதினொன்றே காலில் போய் நிற்கும்.

அப்படிப்பட்டவள் இப்போது "ஒண்ணு குறையுது" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியாமல், ஈரக்கையோடு தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இந்த ஒரு விருந்தில் மட்டும் அவள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

ஒப்பந்தத்துக்குக் காரணம் ஒரு கடிதம். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சமைக்கும் இடத்துக்குத் தலைமைச் சமையல்காரி வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். தராசு யாருக்கும் தெரியாமல் எழுதிப் போட்டாள், யாரும் எதிர்பார்க்காமல் பதில் வந்துவிட்டது. எட்டு மணி நேர வேலை. திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும். தங்குவதற்கு ஊழியர் விடுதியில் தனி அறை, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் வந்து வாசல் காவலரிடம் சாவியைப் பெற்றுக்கொள்ளவும். அந்தச் சாவி வரியை அவள் எத்தனை தடவை படித்தாளோ, கடிதம் சரியாக அந்த இடத்தில் மடிப்பு விட்டுக் கிழிந்திருந்தது.

சாவியில் என்ன அப்படி ஒரு மோகம் என்று கேட்கலாம். அவள் படுக்கிற இடத்தைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். சமையல்கூடத்துக்குப் பின்னால் பழைய சாமான் அறை ஒன்று உண்டு. சாமான் வைக்கக் கட்டின அறை என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. உள்ளேயிருந்து சாத்தலாம், போட முடியாது. யாரும் அவளை அடைத்து வைத்ததில்லை, இல்லாததைச் சொல்லக் கூடாது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தச்சரைக் கூப்பிட்டு அந்தத் தாழ்ப்பாளை இந்தப் பக்கம் மாற்ற வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை, அதுதான் கொடுமை.

கடிதத்தைப் படித்ததும் அண்ணன் ஒரு சத்தம் போட்டிருந்தால் தராசும் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருப்பாள். மனுஷர் சத்தம் போடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்றார்.

என்ன குறை வைத்தார்? புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான் என்று ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்ற தங்கச்சியை, ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே கூப்பிட்டார். அண்ணி இருந்தவரைக்கும் முகம் சுளித்ததில்லை, அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியும் வீட்டில் தராசு வைத்ததுதான் சட்டம். அந்த மனுஷரிடம் போய், எனக்கு ஒரு சாவி வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?

"நான் தடுக்கலம்மா" என்றார் அண்ணன், அதே நனைந்த குரலில். "போ. ஆனா ஒரே ஒரு விருந்தை மருமக தனியா கணக்குப் போட்டு முடிக்கட்டும். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. எல்லாருக்கும் சரியா வந்துச்சுன்னா, நானே உன் பெட்டியைத் தூக்கிட்டு வந்து விட்டுட்டு வரேன். வரலைன்னா, இந்த இடம் நீ இல்லாம நிக்குமான்னு நீயே முடிவு பண்ணிக்க."

தராசு சந்தோஷமாகத் தலையாட்டினாள். அவள் கண்ணில் மருமகள் கெட்டிக்காரி. அண்ணன் மகனைக் கட்டிக்கொண்டு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். "நம்ம தொழில் இருக்கும்போது வெளிவேலை எதுக்கு?" என்று மாமனார் பிரியமாகச் சொன்னதில் அந்த வேலை போயிற்று. கணக்குப் படித்தவளுக்கு ஹாம் கணக்கு எம்மாத்திரம்? தராசு தன்னுடைய நீல அட்டை நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். எத்தனை பேருக்கு எவ்வளவு என்று இத்தனை வருஷமாக எழுதி வைத்த நோட்டு. நாம் கரை சேர்ந்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

இப்போது தொட்டியில் இரண்டு கிடக்கின்றன.

சொன்னால் என்ன ஆகும்? "பாத்தியா, உன்னை விட்டா இங்க யாருக்குத் தெரியுது" என்பார் அண்ணன். சொல்லாமல் இருந்தால்? நாளைக்கு முப்பது பேர் வெறும் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அப்போதும் அதையேதான் சொல்வார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர். இருதலைக் கொள்ளி எறும்பாக அவள் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடையாய் நடந்தாள்.

அண்ணனுடைய மேசை கூடத்து வாசலில் இருந்தது. கண்கொத்திப் பாம்பாக அங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேசத்தானே கூடாது என்று தராசு ஒரு தந்திரம் செய்தாள். ஹாம் வேகவைக்கிற பெரிய அண்டாக்களில் மூன்றை எடுத்து, டங்கென்று சத்தம் வர, மருமகள் முன்னால் வரிசையாக வைத்தாள்.

மருமகள் ஒன்றைத் தூக்கித் திரும்பவும் பரணில் வைத்தாள். "ரெண்டு போதும் அத்தை."

தராசு தொட்டி பக்கத்தில் நின்று இருமினாள். ஒரு இருமல், ரெண்டு இருமல், மூன்றாவதை மட்டும் நன்றாக இழுத்து இருமினாள்.

"என்ன அங்க இருமல்?" என்றார் அண்ணன். "இருமலும் பேச்சுலதான் சேரும். நீ போய் கிழங்கை உரி. தொட்டிக்கு முதுகைக் காட்டி உக்காரு."

நாற்பத்தாறு வயசுப் பொம்பளை, பள்ளிக்கூடத்தில் சேட்டை செய்த பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்து கிழங்கு உரித்தாள். அவமானமாக இருந்தது. அதைவிட அவமானம், கை தன்பாட்டுக்கு ஒவ்வொரு கிழங்கையும் எடை போட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குக் கறிக்கடைக்காரர் ரசீதில் கையெழுத்து வாங்க வந்தார். நல்ல நேரம், அண்ணன் யாரோடோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"என்ன தராசக்கா, எண்பது பேருக்கு ரெண்டுதானா? உங்களுக்குன்னு மூணாவதையும் ஊறப்போட்டு வச்சிருந்தேன், கொக்கியில தொங்குது" என்றார் கடைக்காரர். "வேணும்னா அஞ்சு மணிக்குள்ள ஆளை அனுப்புங்க. நாளைக்குக் கடை லீவு."

தராசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, நான் சொல்லவில்லை, ஊரான் சொல்லிவிட்டான்! அவள் திரும்பி மருமகளைப் பார்த்தாள். மருமகளும் அவளைப் பார்த்தாள், ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு. பிறகு ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"ரெண்டு போதும்ண்ணே. நோட்டுல அப்படித்தான் இருக்கு."

கையிலிருந்த கிழங்கு நழுவித் தண்ணீரில் விழுந்தது. இது தெரியாமல் செய்கிற தப்பு இல்லை என்று தராசுக்கு அப்போதுதான் உறைத்தது.

மணி ஐந்தை நெருங்கும்போது மருமகள் வெண்ணெய் எடுக்கக் குளிர் அறைக்குள் போனாள். தராசு பின்னாலேயே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். ஆள் உயரத்துக்குத் தட்டுகள், நடுவில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது.

"ஏம்மா, எலும்பை யாரு திம்பாங்க?"

"யாரும் திங்க மாட்டாங்க அத்தை." மருமகள் வெண்ணெய்க் கட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தெரியும். நோட்டுல ஆளுக்கு நூத்தம்பது கிராம்னு இருக்கு. எண்பது பேருக்குப் பன்னெண்டு கிலோ. அது தட்டுல விழுற கணக்கு. எலும்பு போகும், தோலும் கொழுப்பும் போகும், வேகும்போது வத்தும். பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சும். நீங்க நோட்டைக் குடுத்த அன்னைக்கே பழைய ரசீதெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன். எண்பதுக்கு எப்பவும் மூணுதான் வாங்கியிருக்கீங்க."

"தெரிஞ்சுக்கிட்டா ரெண்டு வாங்கினே?"

மருமகள் வெண்ணெய்க் கட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவள் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

"என் வயித்துல அடிக்கிறியேடி, உனக்கு நான் என்ன பண்ணினேன்?"

"நீங்க போயிட்டா அடுத்தது யாரு அத்தை?" என்றாள் மருமகள். "சரியா வந்துச்சுன்னா மாமா உங்களை விட்டுடுவாரு. என்னை விடுவாரா? எனக்கு இருபத்தஞ்சு வயசு. நீங்க எத்தனை வருஷம் இருந்தீங்க இங்க? குறைஞ்சா நோட்டு தப்புன்னு ஆயிடும், என்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பழைய ஆபீஸ்ல திரும்பவும் கூப்பிடுறாங்க. நீங்க இங்க இருந்தாத்தான், போகட்டுமான்னு மாமாகிட்ட என்னால கேக்கவே முடியும்."

அறைய வேண்டும் போல தராசுக்குக் கை துறுதுறுத்தது. பெரியவள் என்ற மட்டு மரியாதை வேண்டாமா? எட்டு மாசம் ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டவளுக்குக் குழி வெட்டுகிறாளே! நாக்கு நுனிக்கு வந்ததையெல்லாம் கொட்டிவிட வாயெடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் மருமகள். "அந்த நோட்டுல மீதிக் கணக்கை நீங்க ஏன் எழுதலை?"

அறையத் துறுதுறுத்த கையைத் தராசு தட்டில் ஊன்றிக்கொண்டாள்.

ஏன் எழுதவில்லை? அவள் இங்கே வந்த இரண்டாம் வருஷம் அண்ணன் ஒரு ஹோட்டல் சமையல்காரரை வேலைக்கு வைக்கலாமா என்று யோசித்தார். அன்றைக்கு அவளுக்கு ஒரே யோசனை. அந்த ஆள் வந்தால் நான் எதற்கு? நான் எங்கே போவேன்? அன்று ராத்திரியே எலும்புக் கணக்கும் வற்றுகிற கணக்கும் இருந்த பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டாள். இனிமேல் தட்டுக் கணக்கு நோட்டில், மீதிக் கணக்கு என் மண்டையில். மண்டையில் இருக்கிறவரைக்கும் என்னை யாரும் வெளியே அனுப்ப முடியாது. சமையல்காரர் வந்தார், மூன்று விருந்தில் திணறினார், போய்விட்டார். தராசு நின்றாள். யாரும் தன்னைத் துரத்தக் கூடாதென்று அவளேதான் கதவைச் சாத்தினாள். தானும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொண்டது தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கதவு தட்டப்பட்டது. "உள்ள என்ன மாநாடு?" என்றார் அண்ணன். "வெண்ணெயைக் கடைஞ்சுகிட்டு இருக்கீங்களா?"

வெளியே வந்தபோது கூடத்துக் கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது, கறிக்கடை சாத்தியிருக்கும்.

ஞாயிறு மதியம் பட்டறையின் பெரிய கொட்டகையில் எட்டு மேசை, மேசைக்குப் பத்துப் பேர். பஸ்களையெல்லாம் வெளியே தள்ளி நிறுத்திவிட்டுத் தரையைக் கழுவியிருந்தார்கள், ஆனாலும் கிரீஸ் வாடை போகவில்லை. முதல் மேசையில் ஃபோர்மேன், புதுச் சட்டையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசைகளில் மெக்கானிக்குகள், டிரைவர்கள். கடைசி மூன்று மேசையில் பட்டறையைக் கூட்டுகிறவர்களும் வண்டி கழுவுகிறவர்களும்.

ஹாமை அறுப்பது எப்போதும் அண்ணன்தான். அதில் அவருக்கு ஒரு பெருமை. வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நீளக் கத்தியைத் தீட்டி, நாலு பேர் பார்க்க நின்று அறுப்பார். கை தாராளம். துண்டு ஒவ்வொன்றும் விரல் தடிமன் இருக்கும், ஆளுக்கு மூன்று துண்டு. தராசின் கணக்கில் மூன்றாவது தொடை என்பதே பாதி அண்ணன் கைக்காகத்தான். அதையும் அவள் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

தராசு கிழங்குத் தட்டோடு அவர் பக்கத்தில் நின்றாள். ஃபோர்மேனுக்கு மூன்று துண்டு. அடுத்தவருக்கு மூன்று. முதல் மேசை முடிந்தபோது ஒரு தொடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். இரண்டாம் மேசை முடிந்தபோது அதில் கால்வாசிதான் இருந்தது. அவள் கணக்குப் போட வேண்டாமென்றுதான் நினைத்தாள், மண்டை கேட்டால்தானே? ஐந்தாவது மேசையோடு காலி. முப்பது தட்டு வெறுமையாகப் போகும்.

போகட்டும், எனக்கென்ன வந்தது, சொல்லவா விட்டார்கள் என்று ஒரு மனசு சொன்னது.

எட்டாவது மேசையில் வண்டி கழுவுகிற பொம்பளை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அந்தக் கையால் முட்கரண்டியை எடுத்து, சரியாகத் தட்டின் இடது பக்கம் வைத்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி சரி பண்ணினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு ஹாம் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

தராசு திரும்பி மருமகளைத் தேடினாள். மருமகளும் அந்தப் பொம்பளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வெளிறிப் போயிருந்தது. கணக்குப் போட்டபோது எண்பது வெறும் எண்தானே, எட்டாவது மேசைக்கு முகம் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

தராசு கிழங்குத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, கத்தியைக் குடுங்க."

அண்ணன் பலகையைப் பார்த்தார், மேசைகளைப் பார்த்தார், புரிந்துகொண்டார். கத்தியைக் கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. தொப்பியையும் கழற்றி அவள் தலையில் வைக்கப் போனார். "தொப்பி வேண்டாம்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் நிமிரவில்லை. சாப்பிடுகிறவன் கிராமை எண்ண மாட்டான், துண்டைத்தான் எண்ணுவான். மூன்று துண்டு குறையக் கூடாது, ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. மடித்து வைத்தால் குவியலாகத் தெரியும். "கிழங்கை முதல்ல வை, அது மேல ஹாம், அது மேல குழம்பு" என்று மருமகளிடம் சொன்னாள். மருமகள் சொல்லாமலேயே முதல் எலும்பைச் சுரண்டி, உதிர்ந்த கறியைக் குழம்பில் போட்டுக் கலக்கினாள். இரண்டு பேர் கையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் ஓடின. மீதி அறுபது பேரில் கடைசி ஆள் தட்டில் மூன்று துண்டை வைத்தபோது பலகையில் எலும்பு மட்டும் இருந்தது. வண்டி கழுவுகிறவள் முதல் துண்டை நாலாக வெட்டி, ஒவ்வொன்றாக மென்று சாப்பிட்டாள்.

நாலு மணிக்குச் சமையல்கூடத்துக்குத் திரும்பினார்கள். அண்ணன் தானே டீ போட்டுக் கொண்டுவந்து தங்கச்சி கையில் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. நீயே பாத்துட்டே" என்றார். ஜெயித்த ஆளின் பெருந்தன்மை குரலில் வழிந்தது. "மருமக பாவம், சின்னப் பொண்ணு. உன் அறையில ஃபேன் சத்தம் போடுதுன்னு சொன்னியே, நாளைக்கே மாத்திடலாம். அப்புறம் புதன்கிழமை ஒரு விருந்து வந்திருக்கு. நாப்பத்தஞ்சு பேரு. ஹாம்தான் கேக்கறாங்க."

தராசு டீயைக் குடித்தாள். நன்றாகத்தான் போட்டிருந்தார். ஃபேன்! தாழ்ப்பாள் அந்தப் பக்கமே இருக்கும், உள்ளே காற்று மட்டும் சத்தமில்லாமல் வரும். பிரியமான மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. இந்தப் பிரியத்துக்குள்ளேயே இருந்து செத்துப் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அலமாரியிலிருந்து, பாத்திரங்களில் பெயர் எழுத வைத்திருக்கும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தாள். தொட்டிக்கு மேலே வெள்ளைச் சுவர் காலியாக இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

"என்ன பண்ற?" என்றார் அண்ணன்.

அவள் பாட்டுக்கு எழுதினாள், ஒவ்வொரு எழுத்தும் விரல் உயரம்.

*தட்டில் ஆளுக்கு 150 கிராம்.*
*எலும்பு, தோல், வற்றுவது எல்லாம் போக பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும்.*
*80 பேருக்கு ஏழு கிலோத் தொடை 3.*
*மெல்லிசாக அறுத்தால் 2.*
*அண்ணன் அறுத்தால் 3-தான்.*

"இதை எதுக்குச் சுவத்துல எழுதற? எவன் வேணா பாத்துட்டுப் போயிடுவானே!"

"ஆமாண்ணே. எவன் வேணா பாக்கலாம்." அவள் இறங்கினாள். விரலெல்லாம் சிவப்பு. "நோட்டுல பாதிக் கணக்குதான் எழுதியிருந்தேன். வேணும்னுதான். மருமக மேல தப்பு இல்ல. நீங்க என்னை எங்க வெளிய அனுப்பிடுவீங்களோன்னு பயம்."

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? உன்னையா? என்ன பேச்சு பேசற? சாகுற வரைக்கும் உன்னை அனுப்ப மாட்டேன்!"

"தெரியும்ண்ணே" என்றாள் தராசு. அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. "அதனாலதான் நானே போறேன்."

"ஒப்பந்தம் என்ன ஆச்சு? நீ வாயைத் திறந்துட்டியே?"

"திறந்துட்டேன். தோத்துட்டேன். தோத்தவளாவே போறேன்."

மருமகள் தெரிந்தே செய்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு வாயும் இருந்தது, குளிர் அறையில் கேட்ட கதையும் இருந்தது. ஆனால் மருமகள் தானாகவே ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். நீல நோட்டை மாமனாருடைய மேசையில் வைத்தாள்.

"மாமா, நான் நாளைக்கு ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரணும்" என்றாள். தரையைப் பார்த்தபடிதான், ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"அப்ப புதன்கிழமை யாரு?"

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவரும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். பெயிண்ட் இன்னும் காயவில்லை. வாய்விட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார், கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தராசு பின்னறைக்குப் போனாள். பெட்டி நேற்றைக்கே தயார். வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டி. வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பழக்கத்தில் கை தாழ்ப்பாளுக்குப் போனது, போடாமல் விட்டுவிட்டாள்.

"எண்பதுக்கு மூணுன்னா..." அண்ணன் சுவருக்கு முன்னால் விரலை மடக்கிக்கொண்டு நின்றார், அவளுக்கு முதுகைக் காட்டி. "நாப்பத்தஞ்சுக்கு எத்தனைம்மா?"

விடை அவள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் என்ன, போகிறபோது ஒரு உதவி. மருமகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் தராசு உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று அவர்தானே சொன்னார்? மருமகளும் திறக்கவில்லை.

தராசு முற்றத்தைத் தாண்டி, காலிக் கூடைகளைத் தாண்டி கேட் வரைக்கும் போய்விட்டாள். ஆறு மணிக்குள் சாவி வாங்க வேண்டும். கேட்டைத் திறக்கும்போது உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது.

"ரெண்டா?" என்றது. யாரும் பதில் சொல்லாததால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது, இந்தத் தடவை கேள்வி இல்லாமல். "ரெண்டு."

சரியான விடைதான். தராசு தெருவில் இறங்கி நடந்தாள்.